கனடா வழியாக மத்தூர்

எனக்கு எழுத வராது. உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும்தான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதுகூட இப்போதெல்லாம் குழம்பிப் போகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்லப் போகிறவரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஓசூரில் எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் எல்லாரும் அவரை ஆபரேட்டரம்மா என்றே கூப்பிடுவோம். எனக்கு நேர் மேல் வீடு. எங்களுக்குக் கீழே அரிசிக்கடை பாய் வீடு. சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். கம்பெனியில் மிஷினே பேசுகிற டெலிபோன் வந்ததும் விருப்ப ஓய்வு என்று அனுப்பிவிட்டார்கள். "விருப்ப ஓய்வுதாங்க. யாரு விருப்பம்னு மட்டும் கேக்கக் கூடாது" என்பார்.

தனி ஆள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அந்தப் பென்சிலின் பின்பக்கத்தால்தான் நம்பர் அமுக்குவார். விரலால் அமுக்கி நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் சாமி படத்தைத் துடைப்பதற்கு முன்னால் ரிசீவரைத் துடைப்பார். மணி அடித்தால் முதல் மணியில் எடுக்க மாட்டார். "முத மணியிலயே எடுத்தா கூப்பிட்டவங்க பயந்துக்குவாங்க. மூணாவதுல எடுத்தா கோவிச்சுக்குவாங்க. ரெண்டாவதுலதான் எடுக்கணும்" என்பார். வீட்டில் தெலுங்கு. ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர் ஹலோ சொல்கிற ஒரு சொல்லிலேயே தெலுங்கா கன்னடமா தமிழா என்று பிடித்துவிடுவார். பதில் அந்தப் பாஷையில்தான் வரும்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. லைன் கொடுப்பார். லைனில் என்ன போகிறது, எங்கிருந்து வருகிறது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று செத்தாலும் சொல்ல மாட்டார். அதே சமயம் பொய்யும் சொல்ல மாட்டார். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். அவர் சொன்ன கதை ஒன்று இருக்கிறது.

கம்பெனியில் ஒரு மேனேஜர், "வீட்டுல இருந்து கூப்பிட்டா நான் இல்லன்னு சொல்லிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்த அம்மா சரியென்று தலையாட்டினாராம். அந்த மேனேஜரின் மனைவி கூப்பிட்டதும், கண்ணாடி அறைக்குள் இருக்கிற அவரைப் பார்த்துக் கையால் 'எழுந்திருங்க' என்று சைகை காட்டுவார். அவர் எழுந்து நின்ற பிறகுதான், "சார் இப்ப சீட்டுல இல்லைங்க மேடம்" என்று சொல்வார்.

"அவரு உக்காந்துட்டு இருந்தா?"

"உக்காந்துட்டு இருந்தா லைன் குடுத்துருவங்க. அந்த மேனேஜர் பாதி நாளு நின்னுட்டேதான் ஃபைல் பாத்தாரு."

சிரிக்காமல் சொல்வார். நாங்கள்தான் சிரிப்போம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் காலனியில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டி கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஒரு ஒயரை இன்டர்நெட் லைனில் மாட்ட வேண்டும். இன்னொரு ஒயரில் நம் பழைய டெலிபோனையே மாட்டிக்கொள்ளலாம். இதே மாதிரி ஒரு பெட்டி பிள்ளையின் வீட்டிலும் இருக்கும். மூன்று நம்பர் அமுக்கினால் போதும், அங்கே அடிக்கும். எங்கள் வீடு 301. கனடாவில் என் மகன் வீடு 302. பென்சிலால் எழுதிய அட்டையை டெலிபோன் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

செல்போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று சொல்வார்கள். என் மகனும் சொன்னான். ஆனால் அதில் என் முகமே என் எதிரில் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. புடவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். செல்போன் என்று ஒன்றை நான் வைத்துக்கொண்டதே இல்லை. இந்தப் பெட்டிதான் எனக்கு ஏற்றதாக இருந்தது.

அதில் ஒரு வசதியும் இருந்தது. நட்சத்திரப் பொத்தானை அமுக்கி, எழுபத்திரண்டு அமுக்கி, வேறு வீட்டு நம்பரை அமுக்கினால், நம் வீட்டுக்கு வருகிற போன் அந்த வீட்டில் போய் அடிக்கும். அந்த வீடு எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி. கூப்பிடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆபரேட்டரம்மா இதற்குத் 'தள்ளிவிடறது' என்று பெயர் வைத்திருந்தார்.

கீழ்வீட்டு பாய் ஒரு தடவை இதை வைத்து ஊரையே கலக்கினார். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வீட்டு போனை மஸ்கட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குத் தள்ளிவிட்டுப் போனார். அதே நாளில் மகளும் வெளியே கிளம்பியிருக்கிறாள். அவள் தன் போனை அப்பா வீட்டுக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். மலேசியாவில் இருக்கிற மகன் இரண்டு வீட்டுக்கும் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் ஆபரேட்டரம்மாவைக் கூப்பிட்டு அழுதேவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. உங்கப்பா அங்க தள்ள, உங்கக்கா இங்க தள்ள, உங்க மணி நடுக்கடல்ல சுத்திட்டு இருக்குது" என்று சொல்லி, மேலே தன் வீட்டிலிருந்தே சரிசெய்தார். எல்லா வீட்டுப் பெட்டிக்கும் உள்ளே போகிற சாவி மாதிரி ஏதோ ஒரு எழுத்து அவரிடம் இருந்தது. தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் போதும், எந்த வீட்டுப் பெட்டியையும் மாற்றிவிடலாம். எந்த வீட்டிலிருந்து எங்கே போனது, எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்பதும் அதில் தெரியுமாம். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். இந்த அம்மாவுக்கு நம்மைப் பற்றி எவ்வளவு தெரியுமோ என்று தோன்றும்.

பாய்க்கு அப்படி உறுத்தவில்லை, ஆசையே வந்துவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "ஏம்மா, நேத்து நம்ம வீட்டம்மா மஸ்கட்டுக்கு ஒரு மணி நேரம் பேசிருக்கா. அப்படி என்னாதான் பேசினா?" என்று கேட்டார்.

"பாய், கிருஷ்ணகிரி டோல்கேட்டுல லாரி நம்பர பாப்பாங்க. தார்ப்பாயத் தூக்கி உள்ள என்னா லோடுன்னு பாப்பாங்களா?"

"எம் மேல புகார் ஏதாச்சும்..."

"அரிசி வெல ஏறிப் போச்சு பாய். நாளைக்குப் பொன்னி ஒரு மூட்டை அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இறந்து, மகன் கனடா போய், நான் தனியாக இருந்த காலம். பெண்களுக்கு வருகிற கோளாறு ஒன்று எனக்கு வந்தது. அந்த வயதில் வரக் கூடாதது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் அது எந்த மாதிரிக் கட்டி என்று தெரியும் என்றார். மத்தூரில் இருக்கிற என் தங்கையிடம் மட்டும் சொன்னேன். ஒரு மாதம் தன் வீட்டில் வந்து இரு என்றாள்.

மகனிடம் எந்த வாயால் சொல்வேன்? ஆண்பிள்ளையிடம் சொல்லக்கூடிய இடத்திலா நோய் வந்திருக்கிறது? சொன்னாலும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவான். அவன் கனடா போன கதையைக் காலனி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். அதனால் மாடி ஏறிப் போனேன்.

"எனக்கு வர்ற போனு வேற ஊர்ல அடிக்கணுங்க. என் பையனுக்குத் தெரியக் கூடாது."

ஏன் என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "எந்த ஊரு? எத்தன நாளைக்கு?" இரண்டே கேள்விதான்.

தானே ஒரு பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி மத்தூர் போய், என் தங்கை வீட்டு இன்டர்நெட் லைனில் மாட்டிவிட்டு வந்தார். தங்கை சும்மா இருப்பாளா? சாப்பாடு போட்டுக்கொண்டே, "அக்காவுக்கு என்ன நோவுன்னு உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா?" என்று வாயைக் கிளறியிருக்கிறாள். "கீரை நல்லா கடைஞ்சிருக்கீங்க. லைன் கிளியரா கேக்குதான்னு ஒருவாட்டி பாத்துருங்க" என்று பதில் வந்ததாம்.

இப்போது இன்னொன்று சொல்ல வேண்டும். அப்போது எனக்குத் தெரியாது. இப்போதே சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அந்த நேரத்தில் என் மகன் கனடாவிலேயே இல்லை. அவன் வேலை செய்த கம்பெனியில் ஆள் குறைத்து, இவனுக்கும் வேலை போய், ஊர் திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொல்ல வெட்கம். பெங்களூர்ப் பக்கம் ஒரு வேலையில் சேர்ந்து அத்திப்பள்ளியில் ரூம் எடுத்திருந்தான். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பார்டர் தாண்டினால் அத்திப்பள்ளிதான். "தமிழ்நாட்டுக்குள்ள காலே வைக்கலம்மா, அதனால ஊருக்கு வந்துட்டேன்னு சொல்லணும்னு தோணல" என்று பிறகு ஒரு நியாயம் சொன்னான்.

கனடா வீட்டுப் பெட்டியை அங்கே ஒரு நண்பனிடம் விட்டுவிட்டு, நான் கூப்பிட்டாலும் அவன் கூப்பிட்டாலும் அதன் வழியாகவே போகும்படி அத்திப்பள்ளிக்குத் தள்ளிவிடச் சொல்லி இவனும் ஆபரேட்டரம்மாவைத்தான் கேட்டிருக்கிறான். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்று இவனும் சொல்லியிருக்கிறான். "எந்த ஊரு? எத்தன நாளைக்கு?" என்று அதே இரண்டு கேள்வி இவனுக்கும்.

அன்றைக்கு அவர் என் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் அத்திப்பள்ளிக்குப் பெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எங்கங்க, பையெல்லாம் எடுத்துட்டுக் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "பார்டர் வரைக்கும்" என்றார்.

வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மத்தூர் வந்துவிட்டேன். மகன் ஞாயிறும் புதனும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுவான். அன்றைக்கும் கூப்பிட்டான். எனக்குத் தெரிந்தவரை அவன் கனடாவில் காலை எழுந்து பேசுகிறான். அவனுக்குத் தெரிந்தவரை நான் ஓசூரில் இருக்கிறேன்.

"குட்மார்னிங்மா. இப்பத்தான் எழுந்தேன். வெளிய ஒரே பனி."

"சொட்டர் போட்டுக்கடா."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கன்னடத்தில் வெங்காயம் கூவுகிற சத்தம் கேட்டது.

"என்னடா இது? கனடாவுல கன்னடத்துல வெங்காயம் விக்கறாங்க?"

"பக்கத்து வீட்டுல மைசூர்க்காரங்கம்மா. டிவி போட்டுருக்காங்க."

எனக்குப் பெருமை. எங்கே போனாலும் நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள் பார் என்று தங்கையிடம் கையால் காட்டினேன். அவள் அந்தச் சமயம் பார்த்து வாசலில் நின்ற டெம்போக்காரனிடம், "தக்காளி லோடு ஏத்தியாச்சாங்க?" என்று கத்தினாள்.

"யாரும்மா அது? சித்தி குரலு மாதிரி இருக்குது."

"டிவிடா."

"உங்க டிவியில தக்காளி லோடு ஏத்தறாங்களா?"

"விவசாய நிகழ்ச்சி."

ஆடு வேறு கத்தித் தொலைத்தது. தங்கை வீட்டில் நாலு ஆடு. கீழே பாய் பக்ரீத்துக்கு ஆடு வாங்கிக் கட்டியிருக்கிறார் என்றேன். "பக்ரீத் போயி ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றான். "அடுத்த வருசத்துக்குடா, இப்ப வாங்குனா வெல கம்மி" என்றேன். அவன் நம்பினான். அல்லது அவனிடமும் ஒரு பொய் இருந்ததால் துருவவில்லை.

நான் ஒரு ஹலோ சொல்லி அவன் ஹலோ திரும்பி வருவதற்குள் ஒரு வெற்றிலை மடித்துவிடலாம். முன்பு அப்படி இல்லை. அடுத்த நாள் ஆபரேட்டரம்மா லைன் பார்க்க மத்தூர் வந்தபோது தங்கை இதைக் கேட்டாள்.

"பேச்சு கனடா போயிட்டு வருதுங்க, அதான் லேட்டாகுது" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மத்தூரிலிருந்து அத்திப்பள்ளிக்கு நாங்கள் கனடா வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத் தங்கை ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. பரிசோதனை ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும் என்றிருந்தார்கள். அது கெட்ட கட்டியாக இருந்தால் என்ன செய்வது? அந்தக் காகிதத்தை யார் போய் வாங்குவது? வாங்கினாலும் எனக்குப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தங்கையும் என்னைப் போலத்தான், ஐந்தாவதுகூட முடிக்கவில்லை.

"எம் பையன் இப்ப பக்கத்துல இருந்தா போதும்னு இருக்குதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்" என்று அழுதேன். அழுதுவிட்டு உடனே, "அவங்கிட்டச் சொல்லிடாதீங்க. எம் மேல சத்தியம்" என்றேன்.

அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார். பார்த்தார். திரும்பச் செருகினார். "அக்கா" என்று ஆரம்பித்தார். அத்தோடு நிறுத்திவிட்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் சொல்ல மாட்டங்க. நான் யார்கிட்டயும் எதையும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. ஆறு ஆயிற்று. நான் 302 அமுக்கினேன். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அமுக்கினேன். தங்கை, "வேலையா இருப்பான் விடுக்கா" என்றாள். பனியில் வழுக்கி விழுந்திருப்பானோ, கார் மோதியிருக்குமோ என்று எனக்கு என்னென்னவோ தோன்றியது. வயிற்றில் தையல் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடித்தது.

"அம்மா, எங்க இருக்க?"

உயிர் வந்தது எனக்கு. "வீட்லதான்டா. நீ ஏன்டா நேத்து கூப்பிடல?"

"எந்த வீட்ல?"

"நம்ம வீட்லதான்டா. வேற எந்த வீட்ல?"

"நம்ம வீட்டு வாசல்ல இருந்துதாம்மா இப்ப மேல ஏறி வந்தேன். பூட்டி இருக்குது."

கனடாவில் இருக்கிறவன் எப்படி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். தங்கையிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் நான் மறைத்ததெல்லாம், தையல் எத்தனை என்பது வரைக்கும், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

நடந்தது இதுதான். புதன்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு அடித்திருக்கிறான். அது மத்தூர் வராமல், பூட்டிய ஓசூர் வீட்டிலேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அடித்தது அத்திப்பள்ளி போகாமல் கனடாவில் அவன் நண்பனின் காலி வீட்டில் அடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் தள்ளிவிட்டது அழிந்து போயிருந்தது. சித்திக்கும் அவன் செல்போனில் கூப்பிட்டானாம். தெரியாத கர்நாடகா நம்பர் என்று இவள் எடுக்கவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, பூட்டைப் பார்த்துப் பயந்து, மாடிக்கு ஓடியிருக்கிறான்.

"எங்கம்மா எங்கங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"லைன் குடுக்கறேன் தம்பி. நீங்களே கேட்டுக்குங்க" என்று சொல்லி, பென்சிலால் மூன்று நம்பரை அமுக்கி, ரிசீவரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவர் சமையலறைக்குப் போய்விட்டாராம். நாங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் அங்கே தண்ணீர்க் குழாய் முழுசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்ததாம்.

மதியம் ஒரு மணிக்கு மகன் மத்தூரில் வந்து இறங்கினான். கையில் ஹெல்மெட். வண்டியில் கர்நாடகா நம்பர் பிளேட். தங்கை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏன்டா, கனடாவுலயும் கே.ஏ.தான் போடுவாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நான் ஆடு பற்றிச் சொன்னேன். அவன் மைசூர்க்காரர்கள் பற்றிச் சொன்னான். சிரிக்கச் சிரிக்கத் தையல் இழுத்தது. வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று அவனை அடித்தேன். வெள்ளிக்கிழமை அவனே கிருஷ்ணகிரி போய் ரிசல்ட் வாங்கி வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தான். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தேன். "சாதாக் கட்டிதான்மா. ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் செய்ததையும் எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஓசூர் வந்தேன். மகன் திரும்பி வந்துவிட்டது காலனிக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது. என் ஆபரேஷன் கதையும் தெரிந்திருந்தது. அதைப் பரப்பியது என் தங்கைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாரும் வந்து, உடம்பு எப்படி என்று என் வயிற்றைப் பார்த்தே கேட்டார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்குப் பேச வராது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு மட்டும் வந்துவிட்டது. மாடிப்படியில் ஆபரேட்டரம்மாவைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். பாயும் அரிசி மூட்டையோடு நின்றிருந்தார்.

"உங்களை நம்பித்தானேங்க போனேன்? ஒரு மாசம் தாங்காதா உங்க பெட்டி? சமயத்துல இப்படிக் கால வாரிவிட்டுருச்சே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து, "அந்த வாரம் நாலு வாட்டி கரண்டு போச்சுங்கக்கா" என்றார்.

"கரண்டு போனா அதுல போட்டதெல்லாம் அழிஞ்சிருமா?" என்று பாய் கேட்டார்.

"பெட்டி பழசு பாய்."

"கனடாவுலயுமா கரண்டு போச்சு?" என்றேன் நான், விடாமல்.

"அங்க போயி பாத்தது யாருங்க?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

"இந்தப் பெட்டிய நம்பாதீங்க பாய்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அடுத்த வாரம் பாய் தன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொரு வீட்டிலும் கொடுத்தார்கள். ஆபரேட்டரம்மா அவற்றைப் பழைய பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையால் ஒரு லைனும் அறுந்ததில்லை என்று சொல்கிறவர். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான். அதை நான் படியில் நின்று நாலு வார்த்தையில் இல்லாமல் ஆக்கினேன். பேசிக்கொண்டோம், காபி குடித்தோம். ஆனால் பழைய மாதிரி இல்லை. ஒரு வருஷம் கழித்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் ஆந்திராவில் குப்பம் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நம்பர் யாரிடமும் இல்லை.

போன பொங்கலுக்கு என் மகன் பரணில் கிடந்த அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அம்மா, கரண்டு போனாலும் இது மறக்காது. இதுல எழுதினது எழுதினதுதான். யாராச்சும் கையால எடுத்தாத்தான் போகும். ரெண்டு பெட்டியும் ஒரே நாள்ல போகுமா?"

இரண்டு பெட்டிக்கும் உள்ளே போகிற சாவி எழுத்து ஆபரேட்டரம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

மகன் சொன்னால் போதாதா என்பீர்கள். கனடாவில் பனி பெய்கிறது என்று அத்திப்பள்ளியிலிருந்து நாலு மாதம் சொன்னவன் அவன். அதனால் இந்தப் பெட்டி வேலை தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். நட்சத்திரத்துக்கு அப்புறம் எழுபத்திரண்டா எழுபத்துமூன்றா என்பது எனக்கு நிச்சயமில்லை. அந்த வாரம் கரண்ட் போனது நாலு தடவையா மூன்றா, அதுவும் நிச்சயமில்லை. அதெல்லாம் தப்பாக இருந்தால் பரவாயில்லை. இதை மட்டும் பாருங்கள்: கரண்ட் போனால், தள்ளிவிட்டது தானாக அழியுமா?

அழியாது என்றால் நான் அந்தப் படியில் நின்று, பாய் கடையை மூடிவிட்டு வருகிற நேரமாகப் பார்த்து, அவருக்கும் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். சீக்கிரம் சொன்னீர்கள் என்றால் நல்லது. பாய்க்கும் வயசாகிறது, காது மந்தமாகிக்கொண்டு வருகிறது.